கனடாவில் வட ஒன்ராறியோவுக்குப் போகிற பிள்ளைகளுக்கு: குப்பை வாளியும் கறுப்புக் கரடியும்

விசா கிடைத்த பிள்ளைகள் புறப்பட முன்னம் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒருதரமாவது வந்து இருப்பார்கள். பதினெட்டு வருடம் கனடாவின் சட்பரி நகரில் இருந்துவிட்டு இணுவிலுக்குத் திரும்பி வந்தவன் நான். கேள்விகள் மாறுவதில்லை. ஜக்கற் இங்கே வாங்குவதா அங்கே வாங்குவதா, சப்பாத்து எப்படி, பகுதிநேர வேலை கிடைக்குமா? கரடியைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. நானாக எடுத்துச் சொன்னால் சிரிப்பார்கள். ரொறன்ரோவில் மாமா, மச்சான் என்று பாதி ஊர் இருக்கிறது. அவர்களில் ஒருவர்கூடக் கரடியைக் கண்டதாகச் சொன்னதில்லையே.

ஆனால் இப்போது பலருக்குப் படிப்பும் வேலையும் கிடைப்பது சட்பரி, நோர்த் பே, ரிமின்ஸ், தண்டர் பே பக்கம். ரொறன்ரோவிலிருந்து சட்பரி ஏறத்தாழ 400 கிலோமீற்றர். பின்வளவு முடிகிற இடத்தில் காடு தொடங்கிவிடும். ஒன்ராறியோ மாகாணத்தில் மட்டும் 85,000 முதல் 105,000 வரை கறுப்புக் கரடிகள் இருப்பதாக அந்த மாகாண அரசு கணக்குச் சொல்கிறது. வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கிற அன்றே இவற்றையும் அயலவராக நினைத்துக்கொள்ளுங்கள்.

வன்னிக் கரடியை மறந்துவிட்டுப் போங்கள்

குடாநாட்டுக்குள் எங்களுக்குக் கரடிப் பழக்கம் இல்லை. ஆனால் வன்னியில் இருந்தவர்களிடம் கதை இருக்கும். தேன் எடுக்கப் போனவர், விறகுக்குப் போனவர், முகத்தில் தழும்போடு வந்தவர். அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளை அதே பயத்தைக் கனடாவுக்கும் கொண்டு போகும். அங்கே அது உதவாது. சில இடத்தில் எதிராகவே வேலை செய்யும்.

எங்கள் காட்டுக் கரடி கறையான் புற்றைக் கிண்டித் தின்பது. குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு திரிவது. திடீரென்று கிட்ட ஆளைக் கண்டால் மரத்தில் ஏறித் தப்ப நினைக்காது. நேரே வந்து மோதும். சிறுத்தையோடு ஒரே காட்டில் வாழ்ந்த பிராணியின் புத்தி அது. அது தாக்கினால் குப்புறக் கிடந்து கழுத்தையும் முகத்தையும் மறைக்க வேண்டும் என்பார்கள்.

கனடாவின் கறுப்புக் கரடி காட்டு மரங்களோடு வளர்ந்தது. பயந்தால் முதலில் ஓடும், அல்லது மரத்தில் ஏறும். தாய் ஒரு சத்தம் கொடுத்ததும் குட்டிகள் மரத்தின் உச்சியில் நிற்கும். பெண் கரடி பெரும்பாலும் 100 கிலோவுக்குள். பெரிய ஆண் 200 கிலோவைத் தாண்டும். பேர்தான் கறுப்பு, மண்ணிறத்திலும் உண்டு. வட அமெரிக்கா முழுவதிலும் 1900 முதல் 2009 வரையான காலத்தில் காட்டுக் கறுப்புக் கரடிகளால் இறந்தவர்கள் 63 பேர். நூற்றுப் பத்து வருடக் கணக்கு. கண்டி வீதியில் மோட்டார் சைக்கிள் ஓடிப் பழகிய ஆளுக்கு இந்த எண்ணிக்கையை நான் விளக்கத் தேவையில்லை.

ஆகவே உயிர்ப்பயம் கொஞ்சம் இருந்தால் போதும். கூடுதலாக வேண்டியது குப்பையைப் பற்றிய கவனம்.

கறுப்புக் கரடியின் வருடக் கணக்கு

கார்த்திகையில் குகைக்குள் போய் சித்திரையளவில் வெளியே வரும், இடத்துக்கும் பனிக்கும் ஏற்றபடி முன்னே பின்னே. உள்ளே இருக்கும் மாதங்களில் சாப்பாடு இல்லை, தண்ணீர் இல்லை, மலசலம்கூட இல்லை. தை மாதத்தில் அந்தக் குகைக்குள்ளேயே குட்டி போடும். போத்தல் தண்ணீரின் பாரம்கூட இல்லாத குட்டிகள், வழக்கமாக இரண்டு.

வெளியே வரும்போது தோல் தொங்கிக்கொண்டிருக்கும். காட்டில் புல்லும் குருத்தும்தான் இருக்கும். ஆடி, ஆவணியில் புளூபெர்ரி பழுக்கும். சட்பரிப் பாறைகளின் மேல் அது நிலமே நீலமாகக் கிடக்கும். அந்தப் பழம் நல்லாகக் காய்த்த வருடம் ஊருக்குள் கரடி குறைவு. வசந்தத்தில் உறைபனி விழுந்து பூக் கருகினாலோ மழை பொய்த்தாலோ கரடி தெருவுக்கு வரும். புரட்டாதி, ஐப்பசியில் அதற்கு ஒரு வெறிப்பசி பிடிக்கும். குளிர்காலத்துக்குக் கொழுப்புச் சேர்க்க நாளொன்றுக்கு 20,000 கலோரி வரை தேடும். உங்கள் குப்பை வாளி எந்த மாதத்தில் அதற்குச் சாமித் தேர் மாதிரித் தெரியும் என்று இப்போது விளங்கும்.

குப்பை: முதல் வேலையும் பெரிய வேலையும்

வீட்டுக்குள் போனதும் வைஃபை பாஸ்வேர்ட் கேட்க முன்னம், குப்பை லொறி என்ன கிழமை, எத்தனை மணிக்கு வரும் என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். குப்பையை வெளியே வைக்க வேண்டியது அந்த நாள் காலையில். முதல் நாள் இரவில் இல்லை. இரவு வேலை முடிந்து வந்து காலையில் எழும்ப முடியாது என்று இரவே வைக்கிற பழக்கம் எங்கள் பிள்ளைகளிடம் உண்டு. அலாரம் வையுங்கள், அல்லது அறையில் இருக்கிற நாலு பேரும் முறை போட்டுக்கொள்ளுங்கள்.

நான் படித்த பாடம் இது. சட்பரிக்குப் போய் மூன்றாம் வருடம் என்று நினைக்கிறேன், ஒரு சனிக்கிழமை நண்பர்கள் எட்டுப் பேரைக் கூப்பிட்டுக் கூழ் காய்ச்சினேன். ரொறன்ரோவிலிருந்து ஒருவர் ஒடியல் மா, நண்டு, றால் எல்லாம் கொண்டு வந்தார். கூழ் அருமை. முடிந்தபிறகு நண்டுக் கோதும் றால் தலையும் ஒரு பை நிறைய. வீட்டுக்குள் வைத்தால் நாறும் என்று பின்கதவுக்கு வெளியே வாளியில் போட்டு மூடினேன். குப்பை நாள் செவ்வாய்க்கிழமை.

விடியப்புறம் ஒரு சத்தம், வாளி மூடி சீமெந்தில் உருளும் சத்தம். யன்னல் திரையை விலக்கிப் பார்த்தால், கலியாணப் பந்தியில் சம்மணம் கொட்டி இருக்கிற பெரியவர் மாதிரி ஒன்று குந்தி இருக்கிறது. முன்காலால் பையைப் பிடித்துக்கொண்டு நண்டுக் காலை ஒவ்வொன்றாக உறிஞ்சுகிறது. உறைப்பு அதற்கு ஒரு பிரச்சினையாகவே இருக்கவில்லை. கதவுக் கண்ணாடியில் என் நெஞ்சு உயரத்துக்கு ஈரமூக்கு பட்ட தடம், கீழே சேற்றுப் பாதம். தின்று முடித்து வாளிக்குள் தலையை விட்டு ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் பாட்டில் போனது.

மூன்றாம் நாள் திரும்ப வந்தது. என்னிடம் ஒன்றும் இல்லாததால் பக்கத்து வளவுக்குப் போனது. பிறகு அந்தத் தெருவே அதன் தெரு. கடைசியில் பெரிய இரும்புக் குழாய் மாதிரி ஒரு பொறியைக் கொண்டுவந்து வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அது என்ன ஆனதென்று நான் கேட்கவில்லை. பதில் நல்லதாக இராது என்று தெரியும். பிடித்த கரடியைத் தூரக் கொண்டுபோய் விட்டாலும் பல தரம் திரும்பி வந்துவிடும். நூறு கிலோமீற்றருக்கு அப்பாலிருந்துகூட வந்திருக்கின்றன. வந்து திரும்பவும் வீடுகளை நாடினால் கடைசியில் சுடுவார்கள். எட்டுப் பேர் குடித்த கூழுக்கு அந்த விலை.

செய்ய வேண்டியது இதுதான். மீன் செதில், குடல், றால் கோது, கோழித் தோல், எலும்பு எல்லாவற்றையும் ஒரு பையில் இறுகக் கட்டிப் பிறீசருக்குள் வையுங்கள். குப்பை நாள் காலையில் கட்டியாக எடுத்துக்கொண்டுபோய் வாளியில் போடுங்கள். உறைந்த பொருள் மணக்காது. அறைத்தோழர்கள் முகம் சுளித்தால் உறைய வைக்கிற பையின்மேல் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். இல்லாவிட்டால் எவராவது அதைக் கறிக்கு எடுத்துவிடுவார்; அதுவும் நடந்திருக்கிறது. வாளியை மாதத்துக்கு இரண்டு தரமாவது பிளீச் விட்டுக் கழுவுங்கள். கராஜ் இருந்தால் வாளியை அதற்குள் பூட்டி வையுங்கள். வாளியின் மூடி இறுக்கமாக இருக்கிறது என்று நம்ப வேண்டாம். அது நாய்க்குத்தான் இறுக்கம்.

ஊரில் மீன் கழிவை வாழை அடியில், தென்னை அடியில் கிண்டித் தாட்டுவோம். அங்கே அதைச் செய்யவே கூடாது. ஒரு சாண் மண் அதன் மூக்குக்கு முன்னால் ஒரு திரைச்சீலை.

எங்கள் வீட்டுப் பழக்கங்கள் சில

கரடியைப் பற்றி அந்த நாட்டு அரசு அச்சடித்துத் தருகிற தாள்களில் எங்கள் வீட்டுக் காரியங்கள் இருப்பதில்லை. ஆகவே நான் சொல்கிறேன்.

மணம் வீட்டுக்குள் நிற்கும் என்று பின்வளவில் காஸ் அடுப்பு வைத்து மீன் பொரிப்பது கனடாத் தமிழர் வழக்கம். பொரியுங்கள். ஆனால் முடிந்ததும் தாச்சியையும் அடுப்பையும் துடைத்து உள்ளே எடுங்கள், பழைய எண்ணெயைப் புல்லுக்குள் ஊற்றாதீர்கள். பார்பிகியூ அடுப்பு என்றால் இறைச்சி எடுத்தபிறகு கொஞ்ச நேரம் வெறுமனே எரியவிட்டுக் கம்பியைச் சுரண்டுங்கள். கீழே கொழுப்பு வடிகிற தட்டையும் கழுவுங்கள். அநேகமானவர்கள் மறப்பது அந்தத் தட்டு.

கருவாடு, மிளகாய், மோர்மிளகாய் என்று வெயிலில் எதைக் காயவிட்டாலும் நீங்கள் பக்கத்தில் இருக்கிற நேரம் மட்டும்.

அடுத்தது காகத்துச் சோறு. புரட்டாதிச் சனிக்கு விரதம் இருந்து, எள்ளெண்ணெய் எரித்து, காகத்துக்குப் படைக்கிற பிள்ளைகள் அங்கேயும் இருக்கிறார்கள். திவசத்துக்கும் வைப்பார்கள். நான் அதை விடச் சொல்லமாட்டேன். என் மனைவியும் கடைசி வரை விடவில்லை. ஆனால் புரட்டாதி என்பது கரடியின் வெறிப்பசி மாதம். உச்சி வெயிலில் வையுங்கள், நின்று பாருங்கள், காகம் எடுத்ததும் மிச்சத்தை உள்ளே கொண்டுவந்துவிடுங்கள். காகம் வரவில்லை என்று இரவு முழுக்க வாசலில் விட்டுவிட்டுப் படுக்க வேண்டாம். பறவைகளுக்குச் சூரியகாந்தி விதை தொங்கவிடுகிற வெள்ளைக்காரருக்கும் இதே விதிதான்: சித்திரையிலிருந்து கார்த்திகை முடியும்வரை அந்தப் பெட்டியைக் கழற்றி வைக்கச் சொல்லுவார்கள்.

வளவில் அப்பிள் மரம் நின்றால் பழத்தைப் பழுக்கப் பழுக்கப் பறியுங்கள், விழுந்ததையும் பொறுக்குங்கள். காருக்குள் பிஸ்கட் பெட்டியோ கடைச் சாமான்களோ இரவில் கிடக்கக் கூடாது. கரடி கார்க் கதவின் கைபிடியை இழுத்துத் திறக்கும். திறந்து உள்ளே போனபிறகு கதவு சாத்திக்கொண்டால், காலையில் உங்களுக்கு ஆசனமும் இருக்காது, ஒன்றும் இருக்காது.

நேருக்கு நேர் கண்டால்

பெரும்பாலும் மைம்மலிலும் விடியப்புறத்திலும்தான் காண்பீர்கள். இரவு வேலை முடிந்து நடந்து வருகிற பிள்ளைகள் காதில் கருவி மாட்டிக்கொண்டு வராதீர்கள். புளூபெர்ரி பிடுங்கப் போனால் கதைத்துக்கொண்டே பிடுங்குங்கள். எங்களுக்கு அது கஷ்டமான வேலை இல்லை.

கண்டதும் நில்லுங்கள். ஓட வேண்டாம். அது மணிக்கு 50 கிலோமீற்றர் வரை ஓடும். நீங்கள் ஓடினால் துரத்தும் எண்ணமே அப்போதுதான் அதற்கு வரும். மரத்திலும் ஏற வேண்டாம், அது உங்களைவிட வேகமாக ஏறும். ஊரில் தெருநாயைக் கண்டால் கல்லெடுக்கக் குனிகிற கை ஒன்று எங்கள் எல்லாருக்கும் இருக்கிறது. அந்தக் கையை அடக்குங்கள். குனிந்தால் நீங்கள் சிறிதாகிவிடுவீர்கள்.

அது உங்களை இன்னும் காணவில்லை என்றால் சத்தமில்லாமல் வந்த வழியே பின்வாங்குங்கள். கண்டுவிட்டதென்றால் சாதாரணக் குரலில் பேசுங்கள், தமிழில் பேசினாலும் சரி. மனிதன் என்று அதற்குத் தெரிந்தால் போதும். முதுகைக் காட்டாமல், அதைப் பார்த்தபடி, மெதுவாகப் பின்னுக்கு நடவுங்கள். அது போவதற்கு ஒரு வழி இருக்கிறதா என்று பாருங்கள். வேலிக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவில் அதை மடக்கிவிட்டு நிற்கிற ஆளுக்குத்தான் கெட்ட காலம். குட்டியைக் கண்டால் தாய் எங்கே என்று தேடிக்கொண்டு நிற்காமல் வந்த பக்கமே திரும்புங்கள். போனை எடுத்துப் படம் பிடிக்கிற வேலை அப்போது வேண்டாம்.

மூச்சைப் பலமாக ஊதும், பல்லைக் கடகடவென்று அடிக்கும், முன்காலால் நிலத்தில் அறையும், சில நேரம் நாலடி பாய்ந்து வந்து நிற்கும். இதெல்லாம் 'கிட்ட வராதே' என்று சொல்கிற பாஷை. அநேகமாகப் பயந்த கரடி செய்வது. இடம் கொடுத்தால் போய்விடும். பின்னங்காலில் எழுந்து நிற்பது தாக்கவல்ல, மோப்பம் பிடித்துப் பார்க்க.

நான் பயப்படச் சொல்வது சத்தமில்லாத கரடிக்கு. ஊதாமல், அறையாமல், தலையைத் தாழ்த்தி, காதை நிமிர்த்தி, நீங்கள் விலக விலகப் பின்னாலேயே வருகிறதென்றால் அது உங்களை இரையாகப் பார்க்கிறது. மிக அரிது. ஆனால் இறந்த அந்த 63 பேரில் பெரும்பாலானோரைக் கொன்றது இந்த மாதிரித் தனி ஆண் கரடிதான். அப்போது கையை உயர்த்திப் பெரிதாக நின்று கத்துங்கள், கையில் இருப்பதை எறியுங்கள். கரடியை விரட்டுகிற ஸ்பிறே இருந்தால், கரடி ஐந்தாறு மீற்றருக்குள் வரும்போது முகத்துக்கு அடியுங்கள். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து. தொட்டுவிட்டால் செத்தவன்போலக் கிடக்க வேண்டாம். மூக்கிலும் கண்ணிலும் கல், தடி, பை, எதனாலும் அடித்துப் போராடுங்கள். செத்தவன்போலக் கிடக்கிற ஆலோசனை மேற்கு மாகாணங்களில் இருக்கிற கிறிஸ்லிக் கரடிக்கு. ஒன்ராறியோவில் அது இல்லை.

ஸ்பிறே பற்றி ஒரு வார்த்தை. மிளகாயில் உறைப்பைத் தருகிற அதே பொருள்தான் அதற்குள்ளும். விமானத்தில் கொண்டுபோக முடியாது, அங்கேயே வாங்குங்கள். நுளம்பு மருந்துபோல உடம்பில் பூசிக்கொள்கிறதல்ல. இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பூசியவர்கள் இருக்கிறார்கள்.

யாரைக் கூப்பிடுவது

கரடி வீட்டுக்குள் புக முயல்கிறது, ஆளைத் துரத்துகிறது, பள்ளிக்கூட நேரம் பள்ளிக்கூடத்தடியில் நிற்கிறது என்றால் 911. சும்மா தெருவைக் கடந்து போகிறது, வாளியைக் கிளறிவிட்டுப் போனது என்றால் மாகாண அரசின் 'பெயார் வைஸ்' (Bear Wise) தொலைபேசி இலக்கம்: 1-866-514-2327. ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து நவம்பர் முடியும்வரை எடுப்பார்கள். வெளிநாட்டு மாணவர், விசாக்காரர் என்பதற்காகத் தயங்க வேண்டாம். முறைப்பாடு சொன்னதால் ஒருவருக்கும் ஒன்றும் வராது. மரத்தில் கரடி ஏறி நின்றால் அயலில் உள்ளவர்களைக் கூட்டிவந்து காட்டாதீர்கள். நாயை உள்ளே கட்டிவிட்டு எல்லாரும் வீட்டுக்குள் போனால் இருட்டினபிறகு தானாக இறங்கிப் போய்விடும்.

'ஏன் அரசாங்கம் இவற்றைச் சுட்டுக் குறைக்கவில்லை?' என்று பிள்ளைகள் கேட்பார்கள். குறைக்கிறார்கள், வேட்டைக்கு அனுமதிப்பத்திரம் கொடுத்து. ஆனால் இது எலி மாதிரிப் பெருகுகிற பிராணி அல்ல. பெண் கரடி பல வருடம் வளர்ந்த பிறகே முதல் குட்டி போடும். பிறகும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான், ஏனென்றால் குட்டிகள் தாயோடு ஒன்றரை வருடம் வரை திரியும். கொஞ்சம் கூடச் சுட்டால் மீண்டுவரப் பல காலம் எடுக்கும். வசந்தகால வேட்டையில் தாய் செத்துக் குட்டிகள் அநாதையாகின்றன என்று 1999 இல் அந்த வேட்டையை நிறுத்தினார்கள். ஊருக்குள் கரடி கூடிவிட்டது என்று வடக்கில் பெரிய கூச்சல். 2014 இல் சோதனையாகத் திரும்பக் கொண்டுவந்தார்கள், இப்போது நிரந்தரமாக இருக்கிறது. குட்டியோடு நிற்கும் தாயைச் சுடக் கூடாது. ஒன்ராறியோவிலேயே செய்த ஆய்வில், எத்தனை கரடி சுடப்பட்டது என்பதற்கும் ஊருக்குள் வருகிற தொல்லைக்கும் தொடர்பு தெரியவில்லை. காட்டில் பழம் காய்த்ததா இல்லையா என்பதற்குத்தான் தொடர்பு தெரிந்தது. துவக்குக்காரர் இதை ஒத்துக்கொள்ளமாட்டார்கள். என் தெருவில் நான் கண்டது ஆய்வு சொன்னதைத்தான். குட்டிகளுக்குத் தாய் ஒன்றரை வருடம் பாடம் சொல்லிக் கொடுக்கிறது. எந்தத் தெருவில் எந்தக் கிழமை வாளி வெளியே வரும் என்பதும் அந்தப் பாடத்தில் அடக்கம்.

பெட்டி கட்டும்போது கரடிக்காக இங்கிருந்து ஒன்றே ஒன்று கொண்டுபோங்கள்: பஸ் கொண்டக்டர்மார் ஊதுகிற மாதிரி ஒரு விசில். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளில் விசாரித்தால் கிடைக்கும். திறப்புக் கோர்வையில் மாட்டிக்கொண்டு, இரவு வேலை முடிந்து பின்வளவுக்குள் கால் வைக்க முன்னம் நீளமாக ஒருதரம் ஊதுங்கள். அயல்வீட்டுக்காரர் முதல் கிழமை ஒருமாதிரிப் பார்ப்பார். எனக்கும் பார்த்தார். இரண்டாம் மாதம் தனக்கும் ஒன்று எடுத்துத் தரச்சொன்னார்.